முறையீடு வீண்போகுமா?



திங்கட்கிழமைதோறும் தென்காசி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடைபெறுவதை நீங்கள் அறிவீர்கள். பண்பொழியிலிருந்தும் வடகரையிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் மக்கள் மனுக்களுடன் அங்கே செல்கின்றனர். பட்டா மாறுதல், குடிநீர், முதியோர் உதவித்தொகை எனக் குறைகள் பலவிதம். கீழுள்ள அலுவலர் செய்யத் தவறியதை மேலுள்ளவரிடம் எடுத்துச் சொல்ல நம் மக்கள் பழகிவிட்டனர்.

ஆனால், குறை அரசாங்கத்தின் மீதே என்றால் என்ன செய்வது? காக்க வேண்டிய காவலரே கைநீட்டினால், சட்டமே ஒரு சாராருக்கு அநீதியாக அமைந்தால், நாட்டின் உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டால், அதற்கு மேலும் தட்டுவதற்கு ஒரு கதவு உண்டா? உண்டென்றால், அதைத் தட்டுவதால் அரசாங்கங்கள் திருந்துகின்றனவா? இம்மாதம் இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

ஜெனீவாவில் ஒரு கதவு

குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் சபை 1966ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவேற்றியது. உயிர்வாழும் உரிமை, சித்திரவதைக்கு ஆளாகாதிருக்கும் உரிமை, நியாயமான விசாரணை பெறும் உரிமை, சமய உரிமை முதலியன அதில் அடங்கும். அதனுடன் ஒரு துணை ஒப்பந்தமும் நிறைவேறியது. அதில் சேர்ந்த நாட்டின் ஆட்சிக்கு உட்பட்ட எவரும், தம் உரிமை பறிக்கப்பட்டதாகக் கருதினால், ஜெனீவாவிலுள்ள மனித உரிமைக் குழுவிடம் நேரடியாக முறையிடலாம். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்துள்ளன.

அக்குழுவில் 18 உறுப்பினர்கள் இருக்கின்றனர். மனுதாரர் முதலில் தம் நாட்டு நீதிமன்றங்களில் வழக்காடி முடித்திருக்க வேண்டும். மனு ஏற்கப்பட்டால் அரசாங்கத்துக்கு அது அனுப்பப்படும். ஆறு மாதங்களுக்குள் அரசாங்கம் எழுத்து மூலம் விளக்கம் அளிக்க வேண்டும். இருதரப்பையும் படித்தபின் குழு தன் கருத்தை அறிவிக்கும். கவனியுங்கள்: அது தீர்ப்பன்று, கருத்து. அதை நிறைவேற்றக் குழுவிடம் காவலரும் இல்லை, சிறைச்சாலையும் இல்லை. அப்படியானால் அதனால் பயன் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பே. நடந்தவற்றைப் பார்த்து விடை காண்போம்.

மொரீஷியஸ் பெண்கள்

நம் தமிழ் மக்களும் முஸ்லிம்களும் பல தலைமுறைகளாக வாழும் நாடு மொரீஷியஸ். 1977இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அந்நாட்டு ஆண்மகன் வெளிநாட்டுப் பெண்ணை மணந்தால் மனைவிக்குக் குடியிருக்கும் உரிமை உண்டு. அந்நாட்டுப் பெண் வெளிநாட்டவரை மணந்தாலோ கணவருக்கு அவ்வுரிமை இல்லை. அரசு விரும்பினால் அவரை வெளியேற்றலாம். குடும்பத்தையே பிளக்கக்கூடிய இச்சட்டத்துக்கு எதிராக 20 பெண்கள் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டனர். அவர்களுள் முதலாமவர் ஷிரீன் உமருத்தி சிஃப்ரா.

1981 ஏப்ரலில் குழு தன் கருத்தை அறிவித்தது: ஆணுக்கொரு நீதி, பெண்ணுக்கொரு நீதி என்பது உடன்படிக்கைக்கு முரண். 1983இல் மொரீஷியஸ் தன் சட்டங்களைத் திருத்தியது. யாரும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இடைப்பட்ட காலத்தில் அங்கே ஆட்சி மாறியிருந்தது. முறையிட்ட ஷிரீன் அம்மையாரே 1982இல் அமைந்த புதிய அரசில் அமைச்சர் பொறுப்பு ஏற்றிருந்தார். வெளியிலிருந்து வந்த கருத்தை உள்ளே ஏந்திக்கொள்ளக் கைகள் இருந்தன. அதனால் அது சட்டமாயிற்று.

சிங்கராசா வழக்கு

அத்தகைய கைகள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் அண்டை நாடான இலங்கையில் சான்று இருக்கிறது.

மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த சிங்கராசா என்ற தமிழர் 1993 ஜூலையில் பாதுகாப்புப் படையினரால் கைது செய்யப்பட்டார். தாம் சித்திரவதை செய்யப்பட்டதாக அவர் கூறினார். அவருக்குத் தெரிந்த மொழி தமிழ் ஒன்றே. அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தில் அவர் வைத்தது பெருவிரல் ரேகை. மொழிபெயர்த்தவரும் ஒரு காவலரே. அந்த வாக்குமூலமே வழக்கின் அடித்தளம். 1995இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 1999இல் அது 35 ஆண்டாகக் குறைந்தது. உயர் நீதிமன்றம் 2000இல் மேலும் விசாரிக்க மறுத்தது. (இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பதே நாட்டின் தலைமை நீதிமன்றம்.)

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்படி, வாக்குமூலம் மிரட்டிப் பெறப்பட்டது என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு கைதியின் தலையில் விழுந்தது. அறைக்குள் அடிபட்டவர் சாட்சிக்கு யாரை அழைப்பார்?

இலங்கை 1997இல் அந்தத் துணை ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்ததால் அவர் 2001இல் ஜெனீவாவுக்கு முறையிட்டார். 2004 ஜூலையில் குழு தன் கருத்தை வெளியிட்டது. விசாரணை நியாயமாக நடைபெறவில்லை. நிரூபிக்கும் பொறுப்பைக் கைதியின் மீது சுமத்தியது தவறு. அவரை விடுவித்தல் அல்லது மறுவிசாரணை செய்தல், இழப்பீடு வழங்குதல் ஆகியவற்றை உள்ளடக்கிய தக்க பரிகாரம் தேவை என்று அது கூறியது.

அக்கருத்தை எடுத்துக்கொண்டு அவர் மீண்டும் கொழும்பு உயர் நீதிமன்றத்தை நாடினார். 2006 செப்டம்பரில் தலைமை நீதியரசர் சரத் என். சில்வா தலைமையில் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. நீதி வழங்கும் அதிகாரம் நாட்டின் நீதிமன்றங்களுக்கே உரியது. அதை வெளிநாட்டுக் குழுவொன்றுக்கு வழங்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு இல்லை. ஆகவே 1997இல் துணை ஒப்பந்தத்தில் சேர்ந்ததே அரசியல் சட்டத்துக்கு முரண் என்பது தீர்ப்பின் சாரம். மனு தள்ளுபடியாயிற்று. ஒருவருக்கு நீதி கேட்கப்போய், எல்லோருக்குமான கதவு உள்நாட்டில் சாத்தப்பட்டது.

ஆயினும் ஒரு வியப்பு. இலங்கை அந்தத் துணை ஒப்பந்தத்திலிருந்து விலகவில்லை. உள்நாட்டில் செல்லாது என்று சொல்லப்பட்ட ஒன்று, வெளியில் இன்றுவரை செல்லுபடியாகிறது. இதன் பயனைப் பின்னால் காண்போம்.

சந்தை கேட்ட கேள்வி

நீதிமன்றம் செய்யாததை வணிகம் சிறிதளவு செய்தது. ஐரோப்பிய ஒன்றியம், 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதிக்கும் வளரும் நாடுகளுக்கு இறக்குமதித் தீர்வையில் சிறப்புச் சலுகை அளிக்கிறது. இலங்கையின் ஆடை ஏற்றுமதிக்கு அது உயிர்நாடி. அச்சலுகையைக் கருத்தில் கொண்டு 2007இல் இலங்கை, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் பெயராலேயே ஒரு சட்டம் இயற்றியது. அது அரைகுறையான சட்டம். சித்திரவதைத் தடை உள்ளிட்ட மூன்று உடன்படிக்கைகள் சரிவர நிறைவேற்றப்படவில்லை என்று கூறி 2010 ஆகஸ்டில் ஒன்றியம் சலுகையை நிறுத்தியது. 2017 மே மாதத்தில்தான் அது மீண்டது.

வெளியார் பார்வைக்காக இயற்றிய சட்டம் எப்படி முடியும் என்பதற்கும் இதுவே பாடம். 2019 மே மாதத்தில் ஹசலக என்ற ஊரில் ஒரு முஸ்லிம் பெண்மணி இதே சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். அவர் உடுத்திய ஆடையில் பௌத்த தர்மச் சக்கரம் இருந்ததாம்! உண்மையில் அது கப்பலின் சுக்கான் சக்கரப் படம். சில வாரங்கள் அவர் சிறையில் இருந்தார். உரிமையைக் காக்க வந்த உடன்படிக்கையின் பெயரைத் தாங்கிய சட்டமே, சிறுபான்மைப் பெண்ணைச் சிறைக்கு அனுப்பியது. பெயர்ப்பலகையை மாற்றிவிட்டால் கடையில் உள்ள சரக்கு மாறிவிடாது.

எரிக்கப்பட்ட ஜனாஸாக்கள்

இனிச் சொல்லப்போவது நம் ஒவ்வொருவர் உள்ளத்தையும் தொட்டது. கொழும்பில் வணிகம் செய்த முன்னோர்களைக் கொண்ட நம் பகுதிக் குடும்பங்கள் பலவும் அந்த நாட்களில் உறங்காமல் இருந்தன.

2020 மார்ச் இறுதியில் நீர்கொழும்பில் கொரோனா நோயால் மரணமடைந்த முஸ்லிம் ஒருவரின் உடல் எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் நாள் அரசிதழ் வழியாக, கொரோனாவால் இறந்தோர் அனைவரையும் எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. நல்லடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், நிலத்தடி நீர் கெடும் என்ற ஆதாரமற்ற வாதம் முன்வைக்கப்பட்டது. குளிப்பாட்டலும் கஃபனும் கபரும் மறுக்கப்பட்ட மையித்துகளைக் குடும்பத்தார் தொலைவில் நின்று பார்க்க நேர்ந்தது. உடலைப் பெற மறுத்து நின்ற குடும்பங்களும் இருந்தன. 2020 டிசம்பரில் அவ்வாறு கிடந்த 19 உடல்களை எரிக்கலாம் என்று சட்டமா அதிபர் அறிவித்தார். அதே நாட்களில் பிறந்து 20 நாட்களே ஆன ஒரு பச்சிளங்குழந்தையும் எரிக்கப்பட்டது. பொரளைத் தகனசாலையின் இரும்பு வாயிலில் மக்கள் வெண்துணிகளைக் கட்டி வைத்தனர். சமய வேறுபாடின்றிப் பலரும் கட்டினர்.

சட்டப்படியான எல்லா வழிகளையும் சமூகம் முயன்றது. உயர் நீதிமன்றத்தில் தாக்கலான அடிப்படை உரிமை மனுக்கள் 2020 டிசம்பர் 1ஆம் நாள், காரணம் கூறப்படாமலேயே தள்ளுபடியாயின. எஞ்சியது வெளியிலிருந்த கதவு. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்கள் 2020 ஏப்ரலிலேயே இலங்கை அரசுக்கு எழுதினர். 2021 ஜனவரியில் பகிரங்க அறிக்கையும் விடுத்தனர். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் சார்பில் பிரிட்டன் முஸ்லிம் கவுன்சில், முன்னர் நாம் கண்ட அதே மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டது. 2006இல் உள்நாட்டில் சாத்திய கதவு வெளியில் திறந்தே இருந்ததால் இது இயன்றது. இலங்கை மருத்துவ வல்லுநர் குழுவொன்றும் நல்லடக்கத்துக்கு அனுமதிக்கலாம் என்று கூறியது.

2021 பிப்ரவரி 22ஆம் நாள் ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியது. இலங்கை மீதான தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரவிருந்தது. முஸ்லிம் நாடுகளின் வாக்குகள் இலங்கைக்குத் தேவைப்பட்டன. அவ்வாரமே பாகிஸ்தான் பிரதமர் இம்ரான்கான் கொழும்பு வந்தார். பிப்ரவரி 25இல் நல்லடக்கத்தை அனுமதிக்கும் அரசிதழ் வெளியாயிற்று. மார்ச் 5ஆம் நாள் மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கம் செய்யப்பட்டன.

வாசகர்களே, இங்கே நாம் நமக்கே உண்மையாக இருக்க வேண்டும். அரசாங்கத்தின் மனம் இரங்கியதால் அடக்கம் கிடைத்தது என்று சொல்வதற்கில்லை. மனுவினால் மட்டும் கிடைத்தது என்பதற்கும் இல்லை. மார்ச் 23இல் நடந்த வாக்கெடுப்பில் தீர்மானம் 22 வாக்குகளுக்கு 11 என்று நிறைவேறியபோது, பாகிஸ்தானும் பங்களாதேஷும் இலங்கையின் பக்கமே வாக்களித்தன. இந்தியா உட்பட 14 நாடுகள் நடுநிலை வகித்தன. நமது மையித்துக்கான உரிமையும் நாடுகளின் பேரத்தில் ஒரு பொருளாயிற்று என்பது கசப்பான உண்மை. ஆனால் பத்து மாதங்களாக எழுதப்பட்ட கடிதங்களும் மனுக்களும் அறிக்கைகளும் இல்லாதிருந்தால், அந்தப் பேரத்தில் வைப்பதற்கே அப்படியொரு பொருள் இருந்திருக்காது. எழுதப்படாத துயரத்தைப் பற்றி எந்த அவையும் பேசுவதில்லை.

இதற்குப் பிந்திய ஒன்றும் உண்டு. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை, கட்டாயத் தகனத்துக்காக முஸ்லிம் சமூகத்திடம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர். மன்னிப்பு அவர்களுக்குக் கபரைத் தராது. எனினும் நடந்தது தவறு என்று அரசின் ஏட்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. நாளை இன்னொரு நோய் வரும்போது இன்னொரு அமைச்சர் அதே ஆணையில் எளிதாகக் கையெழுத்திட முடியாது.

நம் நாட்டின் நிலை

நம் இந்தியாவைப் பார்ப்போம். குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1979இல் சேர்ந்தது. ஆனால் துணை ஒப்பந்தத்தில் சேரவில்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்டதேயன்றி இன்னும் உறுதிசெய்யவில்லை. ஆகவே பண்பொழியில் வாழும் ஒருவர் ஜெனீவாவிலுள்ள மனித உரிமைக் குழுவிடம் தனிமனு கொடுக்க இயலாது. சிறப்பு அறிக்கையாளர்களுக்கு எழுதலாம். அதற்கு எந்த ஒப்பந்தமும் தேவையில்லை.

இதனால் உடன்படிக்கை நமக்குப் பயனற்றது என்று எண்ணிவிட வேண்டாம். 1987 டிசம்பரில் ஒடிசாவில் காவல்துறையினர் அழைத்துச் சென்ற 22 வயது இளைஞர், மறுநாள் ரயில் பாதையருகே பிணமாகக் கிடந்தார். அவருடைய தாய் நீலாவதி பெஹரா 1988இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது. 1993இல் ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்ட நீதிமன்றம், அந்தச் சர்வதேச உடன்படிக்கையின் இழப்பீட்டுப் பிரிவையும் துணையாகக் கொண்டது. அப்பிரிவை ஏற்பதில் இந்தியா தயக்கம் தெரிவித்திருந்தது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. கொழும்பில் ஒரு நீதிமன்றம் சாத்திய கதவை டெல்லியில் ஒரு நீதிமன்றம் வேறு வழியில் திறந்தது.

தேசிய மனித உரிமை ஆணையம் 1993இலும், நம் மாநில ஆணையம் 1997இலும் அமைந்தன. உலக நாடுகளின் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியிருந்ததும் தேசிய ஆணையம் பிறந்ததற்கு ஒரு காரணம். அக்கேள்விகள் ஓயவில்லை. தேசிய ஆணையங்களை மதிப்பிடும் சர்வதேச அமைப்பு, நம் ஆணையத்தின் தகுதியைப் புதுப்பிப்பதை 2023லும் 2024லும் ஒத்திவைத்தது. காவல்துறையினர் மீதான புகாரைக் காவல்துறை அதிகாரிகளைக் கொண்டே விசாரிப்பது அதன் ஆட்சேபங்களில் ஒன்று.

இவ்வாணையங்களும் பரிந்துரை மட்டுமே செய்யும் என்பதால் 'பல்லில்லாத பாம்பு' என்று பேசுவோர் உண்டு. ஆனால் மாநில மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூவர் அமர்வு தீர்ப்பளித்தது.

நமக்கு அருகில் நடந்ததையே பாருங்கள். 2023 மார்ச்சில், அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பற்கள் பிடுங்கப்பட்டதாகச் செய்தி வந்தது. பாதிக்கப்பட்டோர் அஞ்சாமல் வெளியே வந்து சொன்ன பிறகே மாநில ஆணையம் அதைத் தானாக விசாரணைக்கு எடுத்தது. அரசு உயர்நிலை விசாரணை நடத்தியது. காவல் அதிகாரி உள்ளிட்டோர் மீது வழக்குப் பதிவாயிற்று. அவர்கள் மௌனமாக வீடு திரும்பியிருந்தால் இவற்றில் ஒன்றும் நடந்திராது.

நாம் செய்ய வேண்டியது

பொறுமை வேறு, மௌனம் வேறு. நம் மஹல்லாக்களில் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதும் பழக்கம் வேரூன்றிவிட்டது. 'பெரிய இடத்துப் பொல்லாப்பு நமக்கெதற்கு' என்று வீட்டுப் பெரியவர்களே பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறார்கள். நபித்துவத்துக்கு முன் மக்காவில் நடந்ததை நினைவுகூருங்கள். யமன் நாட்டு வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிய செல்வாக்குள்ள தலைவர் ஒருவர் விலையைத் தர மறுத்தார். அந்நியரான வணிகருக்கு அங்கே குலமும் இல்லை, துணையும் இல்லை. அவர் அபூகுபைஸ் குன்றின் மீதேறி ஊரறிய முறையிட்டார். அந்தக் குரலைக் கேட்டே குலத்தலைவர்கள் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் துணைநிற்போம் என்று ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கை செய்தனர். இளைஞராக அதில் கலந்துகொண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிற்காலத்திலும் அதைப் பெருமையுடன் நினைவுகூர்ந்தார்கள். உடன்படிக்கைக்கு முன்னால் வந்தது முறையீடு.

ஆகவே சில செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மனித உரிமை ஆணையத்துக்கு மனுச் செய்யக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, தமிழிலேயே எழுதலாம். நிகழ்ச்சி நடந்து ஓராண்டுக்குள் மனு சென்றுவிட வேண்டும். ஓராண்டு கடந்தால் ஆணையம் விசாரிக்க இயலாது. கோபத்தை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள்: நாள், மணி, இடம், அலுவலரின் பெயர் அல்லது பதவி, கண்டவர் யார், காயம் என்ன, எந்த மருத்துவமனையில் காட்டினீர்கள். மருத்துவச் சீட்டின் நகலை இணையுங்கள். விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஜமாஅத்துகள் திருமணப் பதிவேடு வைத்திருப்பதைப் போன்று, இத்தகைய மனுக்களின் நகல்களுக்கும் ஒரு கோப்பு வைத்திருந்தால் நலம். பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுத் தரும்போது விடுப்பு விண்ணப்பத்துடன் நிறுத்திவிடாமல் புகார் மனு எழுதவும் கற்றுக்கொடுங்கள்.

முறையீடு அரசாங்கங்களைத் திருத்துமா என்று தொடக்கத்தில் கேட்டோம். முறையீடு மட்டும் திருத்துவதில்லை. ஆனால் அது அரசாங்கத்தை எழுத்தில் விடைசொல்ல வைக்கிறது. அந்த ஏட்டை ஒரு நாள் ஒரு நீதிபதியோ, ஓர் அமைச்சரோ, ஒரு வணிக ஒப்பந்தமோ, ஒரு வாக்கெடுப்போ கையிலெடுக்கிறது. அது பத்து மாதத்திலும் நடக்கலாம், பத்து ஆண்டுகளும் ஆகலாம். ஏடே இல்லாவிட்டால் அந்த நாள் வரும்போது கையிலெடுக்க ஒன்றும் இராது. எழுதி வைப்பது அநீதிக்கு ஆளானவர் கையில் இருக்கிறது. அவருக்குத் துணையாகப் பேனா பிடிப்பது நம் கையில் இருக்கிறது.